ஆவணிப் பறுவமும் கொடுவாவும்: ஒன்ராறியோத் தூண்டில்காரரைப் பரவைக்கடலில் வழிநடத்திய ஒரு நிகழ்வின் ஆய்வு

யாழ்ப்பாணத்தில் ஆடியும் ஆவணியும் புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்கு வரும் காலம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களையும் வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையையும் ஒட்டி வருபவர்களுள், தாம் வாழும் நாட்டு ஏரிகளில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் ஆண்டுதோறும் கூடி வருகின்றனர். இங்கும் ஒரு காலைப் பொழுதைப் படகில் கழித்து, சிறுவயதில் பெயர் மட்டும் கேட்ட கொடுவா மீனைத் தூண்டிலில் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். இத்தகைய பயணங்களை ஒழுங்குசெய்து கூடப் போவது எனது தொழில். அண்மையில் கனடாவின் ஒன்ராறியோவிலுள்ள ஸ்காபுறோவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு, பரவைக்கடல் என்று நாங்கள் சொல்லும் யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் மேற்குப் பக்கத்தில் செய்த பயணத்தை இங்கே முழுமையாக எடுத்து எழுதுகிறேன். கோடையில் இத்தொழிலைச் செய்பவர் எதிர்கொள்ளும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஒரு பயணத்திலேயே வந்து சேர்ந்தன என்பதே அதைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம்.

வந்தவர்கள் மூவர்: ஐம்பதுகளில் இருக்கும் தகப்பன், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன், மகனின் தாய்மாமன். தகப்பன் தொண்டைமானாற்றுக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரில் பிறந்து, 1990களின் தொடக்கத்தில் நாட்டை விட்டுப் போனவர். ஒன்ராறியோவில் கால் நூற்றாண்டாகப் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடுபவர். சிம்கோ ஏரியின் கரைகளையும் திட்டுகளையும் நன்கறிந்தவர். மகனுக்கும் அவரே அதைப் பழக்கியிருக்கிறார். மாமனுக்கு மீன்பிடியில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் வெயிலில் முதலில் தளர்ந்தவர் அவர்தான் என்பதால் அவரும் இந்த ஆய்வுக்கு வேண்டியவரே.

அவர்கள் கொண்டுவந்த அறிவு

பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே தகப்பனுடன் தொலைபேசியில் விரிவாகப் பேசினேன். அவர் கேட்ட முதற் கேள்விகள் மூன்று. எத்தனை மணிக்கு இருட்டோடு கிளம்பலாம், ஆழமான விளிம்புகள் எங்கே இருக்கின்றன, மீன்காட்டிக் கருவியைக் கொண்டுவரலாமா என்பனவே அவை. கேட்டவுடன் அவர் எந்த நீரை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்பது விளங்கிவிட்டது. ஒன்ராறியோவின் கோடை ஏரியில் அந்த மூன்று கேள்விகளும் சரியானவை. சிம்கோவின் மிகக்கூடிய ஆழம் ஏறத்தாழ 41 மீற்றர். அத்தகைய ஏரியில் கோடை வெயில் மேற்பரப்பைச் சூடாக்க, சூடான இலேசான நீர் மேலேயும் குளிர்ந்த பாரமான நீர் கீழேயும் தங்கிவிடும். இரண்டுக்கும் இடையே சில மீற்றர் தடிப்புக்குள் வெப்பநிலை சடுதியாக இறங்கும் ஒரு படை உண்டாகும். ஊட்டம் மிகுந்த ஏரிகளில் கோடை முற்றும்போது அந்தப் படைக்குக் கீழே ஒட்சிசன் குறைந்துபோவதால், மீன் மேலேயுள்ள சூட்டுக்கும் கீழேயுள்ள மூச்சுமுட்டலுக்கும் இடைப்பட்ட இடத்தில், பாசி விளிம்புகளிலும் தரை சரிந்து இறங்கும் இடங்களிலும் படகுத் துறைகளின் நிழலிலும் நிற்கும். விடியலிலும் அந்தியிலும் கரையோரத்துக்கு வந்து இரை தேடும். இவற்றை அறிந்தவரே அங்கே மீன் பிடிப்பார். அவர் அறிந்திருந்தார்.

அவரிடம் இன்னொரு அறிவும் இருந்தது. சிறுவனாக இருந்தபோது மாரியில் தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் கதவுகளைத் திறந்துவிடும் நாள்களில், வெளியே பாயும் நன்னீரின் விளிம்பில் கொடுவா வந்து கூடுவதையும், ஊரவர்கள் வீச்சுவலையோடும் கைத்தூண்டிலோடும் கரையில் நிரையாக நிற்பதையும் பார்த்தவர் அவர். ஆகையால் பயணத்தை அங்கேதான் வைக்க வேண்டும் என்று விரும்பினார். அந்த நினைவிலும் பிழையில்லை. ஆனால் அது கார்த்திகை மார்கழிக்குரிய நினைவு. யாழ்ப்பாணத்தின் மழையில் மிகப்பெரும் பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் பெய்துவிடுகிறது. தை கழிந்தபின் அடுத்த ஐப்பசி வரையில், இடையிடையே பெய்யும் சிறு மழைகளைத் தவிர, உள்நீரேரிகளுக்கு வரவு இல்லை, ஆவியாகும் செலவு மட்டுமே. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகள் கடல்நீர் உள்ளே வராமல் தடுத்து உள்நீரை நன்னீராக்கும் நோக்கத்தோடு அமைக்கப்பட்டவை. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தில், தொண்டைமானாற்றுத் தடுப்பணைக்கு உட்புறமுள்ள வடமராட்சி நீரேரி ஒரு நடுநாயகமான இடத்தைப் பெறுகிறது. ஆவணியில் அந்தக் கதவுகள் மூடியிருக்க, நீர் வற்றிப் பின்வாங்கி அசையாமல் கிடக்கும். மீனின் பார்வையில் அது சூடேறிய, மூச்சுக்கு இடங்கொடாத நீர்.

எனவே வந்தவரிடம் இருந்த இரண்டு அறிவும் உண்மையானவை. ஒன்று வேறு நாட்டு நீருக்கும் மற்றது வேறு பருவத்துக்கும் உரியவை என்பதே சிக்கல். இப்படி அறிவோடு வரும் ஒருவரிடம் ‘இங்கே எல்லாம் வேறு’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. பல படகுக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அது மரியாதையும் அல்ல, பயனும் அல்ல என்பது எனது உறுதியான எண்ணம். அவருடைய விடைகள் இங்கே பொருந்தாவிட்டாலும் அவற்றுக்குப் பின்னாலுள்ள கேள்விகள் பொருந்துகின்றன. மூச்சுக்கு ஏற்ற நீர் எங்கே, நிழல் எங்கே, இரை எந்த வழியாக வருகிறது என்னும் கேள்விகளையே சிம்கோவில் நிற்பவரும் கேட்கிறார், பரவைக்கடலைக் கடக்கும் தெருவான பொன்னாலைத் தாம்போதியில் நிற்பவரும் கேட்க வேண்டும்.

இடமும் வேளையும்

யாழ்ப்பாணப் பரவைக்கடலின் பெரும்பகுதி இரண்டு மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று நாள் முழுவதும் அதைக் கலக்கிக்கொண்டிருப்பதால் சூடான மேற்படை, குளிர்ந்த கீழ்ப்படை என்ற பிரிவுக்கு இடமே இல்லை. ஆழத்தில் போய் ஒதுங்குவதற்கு மீனுக்கு ஆழம் இல்லை. அது ஒதுங்குவது ஓடும் நீருக்குள். இதைத் தகப்பனுக்கு விளக்க ஒட்சிசனின் கணக்கையே எடுத்துச் சொன்னேன். 20 பாகை செல்சியசில் நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்க முடியும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். அதே 30 பாகையில் கடலளவு உப்புள்ள நீரில் ஆறு மில்லிகிராமைச் சற்றே தாண்டும். கோடையில் பரவைக்கடலின் உட்பகுதிகள் கடலிலும் கூடிய உப்பாகிவிடுவதால் அங்கே இன்னும் குறையும். இவை யாவும் நீர் முழுமையாகக் காற்றோடு கலந்திருக்கும்போது கிடைக்கும் அளவுகள். அசையாமல் நிற்கும் நீரில் அவ்வளவும் கிடைப்பதில்லை.

இதிலிருந்து வேளை பற்றிய முடிவும் பிறக்கிறது. சாதாழை என்னும் கடற்புல்லும் பாசியும் அடர்ந்த ஆழங்குறைந்த நீரில், அத்தாவரங்கள் பகலில் ஒட்சிசனை வெளியிட்டு, இரவு முழுவதும் தாமும் மூச்சுவிட்டு அதைச் செலவழிக்கின்றன. ஆகவே ஒட்சிசன் மிகக் குறைந்து நிற்கும் வேளை பொழுது புலர்வதற்குச் சற்று முந்தியது. ஏரித் தூண்டில்காரர் பொன்னான வேளை என்று கருதும் அதே வேளை, இங்கே வெள்ளம் (கடலின் பெருக்குநீர்) ஓடாத குடா ஒன்றில், மீன் வாய் திறக்க விரும்பாத வேளையாக இருக்கலாம். வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும் விடியலாயின் நிலைமை வேறு. அப்போது விடியலின் மங்கிய ஒளியும் புதுநீரும் ஒன்றுசேர்ந்துவிடும்.

“தம்பி, அங்கை நாங்கள் விடியமுன்னமே ஏரியிலை நிப்பம். இங்கையும் நாலு மணிக்கே வெளிக்கிடுவம்” என்று அவர் சொன்னபோது, “அண்ணை, நேரத்தை நாங்கள் வைக்கேலாது, வெள்ளம்தான் வைக்கும்” என்று பதில் சொல்லி, நாள்காட்டியைப் பார்த்துப் பறுவத்தை (பௌர்ணமியை) அடுத்த நாள்களை ஒதுக்கினேன். நல்லூர்க் கொடி ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் ஏறி, ஆவணி அமாவாசையோடு தீர்த்தம் முடிவதால், பறுவம் திருவிழாவின் நடுவில் விழும். பறுவநாள் நாடு முழுவதும் போயா விடுமுறை. அன்று படகுக்காரர் வர விரும்பார். பறுவத்தில் கூடும் வெள்ளத்தின் வலு அடுத்து வரும் நாள்களிலும் குறையாது. எங்கள் பக்கத்தில் பறுவத்திலும் அமாவாசையிலுங்கூட ஏற்ற இறக்கம் அரை மீற்றர் அளவைச் சுற்றியே நிற்கும். உலகின் பல கரைகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆனால் அகன்ற பரவையின் நீர் முழுவதும் தாம்போதிகளின் ஒடுங்கிய மதகுகளுக்குள்ளால் போய்வர வேண்டியிருப்பதால், அந்த அரை மீற்றர் மதகு வாயில்களில் நல்ல ஓட்டமாகிவிடுகிறது. பண்ணைத் தாம்போதியிலும் பொன்னாலைத் தாம்போதியிலும் இதை யாரும் நின்று பார்க்கலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிக்கடலுக்கென அச்சிடப்படும் வற்றுப்பெருக்கு அட்டவணையின் நேரம் மதகுக்குப் பொருந்தாது. உள்ளே நீர் திரும்பப் பிந்தும். சோளகம் பலத்து வீசும் நாள்களில் அந்தப் பிந்தலும் மாறும். இதற்கு மதகடியில் நின்று எழுதிவைத்த குறிப்புப் புத்தகத்தைத் தவிர வேறு வழியில்லை. வழிகாட்டி ஒருவரின் உண்மையான முதலீடு படகோ தூண்டிலோ அல்ல, அந்தக் குறிப்புத்தான் என்று நினைக்கிறேன்.

இடத்தைத் தெரிவதில் நீரைப் பற்றிய கணக்கோடு வேறொன்றையும் சேர்த்துக்கொண்டேன். கிழக்கே கிளாலிப் பக்கத்தில் கண்டல் மரங்களை அண்டிய நல்ல இடங்கள் உள்ளன. ஆனால் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த 1990களின் முற்பகுதியில், குடாநாட்டை விட்டு வெளியேறியவர்களும் உள்ளே வந்தவர்களும் இரவில் படகேறி உயிரைக் கையில் பிடித்தபடி கடந்த நீர் அது. பலர் அங்கே உயிரிழந்தனர். அக்காலத்தில் நாட்டை விட்டுப் போன ஒருவரை, அவரிடம் கேளாமல், பொழுதுபோக்குக்கென்று அந்த நீருக்கு அழைத்துச் செல்வதில்லை என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். கேட்டபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பக்கம் வேண்டாம்” என்றார். அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை. சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாதலால் அது பேச்சிலேயே வரவில்லை. எஞ்சியது மேற்கு. அங்கே தாம்போதி மதகுகளும், மண்டைதீவுப் பக்கத்துக் கண்டல் ஓரங்களும் எடுக்கப்பட்டன.

முதல் நாள்: பார்ப்பதற்கு மட்டும்

முதல் நாள் மாலை தூண்டில் எதையும் எடுக்காமல் அவர்களைத் தொண்டைமானாற்றுக்கே கூட்டிச் சென்றேன். சந்நிதி முருகனைக் கும்பிட்டபின் ஆற்றங்கரைக்கு வந்து, மூடிய கதவுகளுக்கு உட்புறம் பின்வாங்கிக் கிடந்த நீரையும், கரையில் வெளுத்துக் காய்ந்திருந்த உப்புப் படிவையும் பார்த்தார்கள். தொலைபேசியில் எத்தனை முறை விளக்கியும் முழுதாக ஏறாத செய்தி அங்கே ஒரு நிமிடத்தில் ஏறிவிட்டது. மகன் நீருக்குள் கையை விட்டு, “இது குளிக்கிற சுடுதண்ணி மாதிரி” என்றான். தகப்பன் பழைய நினைவில் எந்த இடத்தில் யார் நிற்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம். வாடிக்கையாளர் கேட்ட இடத்தை மறுப்பதைவிட, அந்த இடத்தை அவரே பார்த்து முடிவுக்கு வரும்படி ஒரு மாலைப்பொழுதைச் செலவழிப்பது நல்லது. அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

அன்று இரவே அவர்கள் கொண்டுவந்த சாமான்களையும் பார்த்தேன். தடிகளும் றீல்களும் தரமானவை, உப்புநீருக்கும் தாங்கக்கூடியவை. மிதக்கும் போலி இரைகளும் ரப்பர் மீன்களும் இங்கும் பயன்படும். கொடுவா பாஸைப் போலவே பதுங்கியிருந்து, வாயைச் சடாரெனத் திறந்து இரையை நீரோடு உறிஞ்சி எடுக்கும் மீன் என்பதால், போலி இரையை அசைக்கும் விதத்தில் அவர்களுக்கு நான் கற்பிக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. மாற்றம் வேண்டியிருந்தது நூலில். பாஸின் வாயிலும் செவுளிலும் நூலை அறுக்கக்கூடிய எதுவும் இல்லை, ஆதலால் அங்கே 12 அல்லது 15 றாத்தல் நூலைத் தூண்டிலில் நேரடியாகக் கட்டுவது வழக்கம். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்போ கத்தி போன்றது. மீன் தலையை உதறித் திரும்பும்போது நூல் அதில் பட்டால் அறுந்துவிடும். ஆகவே குறைந்தது 40 றாத்தல் தடிப்புள்ள தங்கூசி நூலில் ஒரு முழத் துண்டை முன்னால் கட்ட வேண்டும் என்றேன். தகப்பன் உடனே கட்டினார். மகன், தடித்த நூலை மீன் கண்டுகொள்ளும் என்று ஒன்ராறியோவின் தெளிந்த நீரில் கற்றதைச் சொல்லி, மெல்லியதையே வைத்துக்கொள்ள விரும்பினான். அவனை வற்புறுத்தவில்லை. ஒரு மாற்றுத் துண்டைக் கட்டித் தயாராக எனது பையில் வைத்துக்கொண்டேன்.

மதகடியில்

அடுத்த நாள் வெள்ளம் மதகுக்குள் ஏறத் தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்பாகப் படகு போய்ச் சேர்ந்தது. படகோட்டி அறுபதைக் கடந்த கடற்றொழிலாளர். இயந்திரத்தைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு மரக்கோல் ஊன்றிக் கிட்டப் போனார். ஆழங்குறைந்த நீரில் இயந்திரத்தின் அதிர்வு மீனைக் கலைத்துவிடும் என்பதோடு, சாதாழைப் படுக்கையையும் கிழித்துவிடும். மகன் வைத்திருந்த மீன்காட்டி இடுப்பளவு நீரில் தரையைத் தவிர வேறெதையும் காட்டவில்லை. சிறிது நேரத்தில் அவனே அதை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டான்.

வெள்ளம் நின்றிருந்தவரை எதுவும் நடக்கவில்லை. கெளிறு ஒன்று மட்டும் மாமனின் தூண்டிலில் ஏறியது. அதன் முதுகுச் செட்டையிலும் பக்கச் செட்டைகளிலும் உள்ள முள் நஞ்சுடையதாகையால், மீனைக் கையால் தொடவிடாமல் குறடு கொண்டு கழற்றினோம். முள் குத்தினால் தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருப்பது வலியைத் தணிக்கும் என்பதால், படகில் ஒரு வெந்நீர்ப் போத்தல் எப்போதும் இருக்கும். அன்று அது தேவைப்படவில்லை.

பிறகு மதகுக்குள் நீர் மெல்ல இழுபடத் தொடங்கியது. சாதாழைத் துணுக்குகள் முதலில் அசைந்தன, பிறகு மணலைக் குஞ்சுகள் கூட்டமாக ஓட்டத்தின் ஓரத்தில் தோன்றின. நான் அவர்களுக்குக் காட்டியது ஓட்டத்தின் நடுவை அல்ல. விரைந்தோடும் நீருக்கும் மதகுச் சுவரின் பின்னால் தேங்கி நிற்கும் நீருக்கும் இடையிலுள்ள கோட்டைத்தான் காட்டினேன். கொடுவா ஓட்டத்தோடு போராடி வலுவை இழக்காமல் தேக்கத்தில் நிழலுக்குள் நின்று, ஓட்டம் கொண்டுவரும் இரையை எட்டிப் பிடிக்கும். தகப்பன் உடனே தலையசைத்தார். படகுத்துறையின் நிழல், பாசியின் விளிம்பு என்று அவர் வாழ்நாளெல்லாம் பார்த்த கோடுதான் இது, இங்கே நீர் அதை வரைகிறது, அவ்வளவே. அவர் போலி இரையை ஓட்டத்தின் மேற்பக்கம் எறிந்து, நீர் தானாகவே அதைக் கொண்டுபோய்க் கோட்டைக் கடக்கவிட்டார். எவரும் சொல்லிக்கொடுக்காமலே செய்தார்.

முதலில் மீன் எடுத்தது மகனுக்கு. மதகின் வாயிலேயே தண்ணீர் ‘பொக்’ என்று உடைந்தது. தடி வளைந்தது. மீன் ஒருமுறை மேலே எழும்பித் தலையை உதறியது. நூல் தளர்ந்துவிட்டது. சுருட்டி எடுத்தபோது நூலின் முனை நேராக அறுந்திருந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தால் முனை சுருண்டிருக்கும். அவன் அந்த முனையைக் கொஞ்ச நேரம் விரலில் வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, அந்தத் துண்டைத் தாங்கோ” என்றான். ஒரு மீன் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, அதன் வாயில் தூண்டில் இருந்துவிட்டது என்பதாலும் கூட. அவர்களுடைய போலி இரைகளில் எல்லாம் எதிர்முள்ளை முதல்நாளே குறட்டால் நசுக்கிவிட்டிருந்ததால், அது விரைவில் கழன்றுவிடும் என்ற நம்பிக்கை இருந்தது.

வெயில் ஏறி, சோளகமும் பலத்தபோது இடத்தை மாற்றிக் கண்டல் ஓரத்துக்குப் போனோம். அங்கேதான் அன்றைய நாளின் கடினமான நிமிடங்கள் வந்தன. மாமன் எறிந்த போலி இரை காற்றில் விலகிப்போய், ஒருவர் நீரில் நட்டுவைத்திருந்த சிறகுவலையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. அவர் இழுக்க முற்படுமுன் படகோட்டி கையைப் பிடித்து நிறுத்தினார். நூலை அறுத்தோம். படகைக் கிட்டக் கொண்டுபோய், வலையில் ஒரு கண்ணும் கிழியாமல் தூண்டிலைக் கழற்றி எடுத்தோம். கரைக்கு வந்ததும் அந்த வலைக்குரியவரைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னோம். பரவைக்கடலில் சிறகுவலையும் களங்கண்ணியும் நிற்கும் ஒவ்வோர் இடமும் யாருடைய பிழைப்பு என்பதை ஊர் அறியும். பொழுதுபோக்குக்கு வந்தவர் அந்த இடத்துக்கு இரண்டாவதாகத்தான் உரிமை கொண்டாட முடியும். பயணத்துக்கு முன்பே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நாளையும் இடத்தையும் சொல்லிவைத்திருந்ததால், வலைக்காரர் கோபிக்கவில்லை. “சொன்னது காணும்” என்றார். சொல்லாமல் போயிருந்தால், அடுத்த முறை அந்தத் துறையில் எங்கள் படகைக் கட்ட இடம் கிடைத்திராது.

அதே வேளையில் மாமன் தலையிடி என்றார். முகம் சிவந்து, பேச்சுக் குறைந்திருந்தது. ஆவணியில் யாழ்ப்பாணத்தின் பகல் வெப்பம் 32, 33 பாகை வரையில்தான் போகும். ஆனால் நீரில் தெறித்து வரும் வெயிலும் காற்றின் ஈரப்பதனும் சேரும்போது, குளிர்நாட்டுக்குப் பழகிய உடம்புக்கு அது அந்த எண்ணைவிடக் கூடுதலாகத் தெரியும். காற்று வியர்வையை உடனுக்குடன் காயவைப்பதால் தான் வியர்ப்பதே ஆளுக்குத் தெரிவதில்லை. உப்பிட்ட மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் கொடுத்து, ஈரத்துணியைக் கழுத்தில் போட்டு, கண்டல் நிழலில் படகை நிறுத்தினோம். வெள்ளம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது, மீன் இன்னும் எடுக்கக்கூடும். ஆனாலும் கரைக்குத் திரும்புவது என்று முடிவெடுத்தேன். தகப்பனும் மகனும் ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை. பயணத்தை முடிக்கும் உரிமை என்னிடம் மட்டுமே இருக்கும் என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தேன். வெயிலில் நின்றுகொண்டு அதை விவாதிக்க முடியாது.

விட்ட மீன்

மறுநாள் மாமன் நல்லூருக்குப் போய்விட, தகப்பனும் மகனும் மட்டும் வந்தார்கள். வெள்ளம் முந்திய நாளிலும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வரும் என்பதை மகன் தானாகவே கணக்கிட்டு வைத்திருந்தான். அன்று மதகுச் சுவரின் தேக்கத்திலிருந்து தகப்பனுக்கு ஒரு கொடுவா வந்தது. அளந்தபோது 60 சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டியது.

அதைக் கொண்டுபோவதா விடுவதா என்ற கேள்வி படகிலேயே எழுந்தது. கொடியேறிய நாளிலிருந்து அவர்கள் தங்கியிருந்த வீட்டில் சைவம். மீன் அந்த வாசலைத் தாண்ட முடியாது. படகோட்டிக்குக் கொடுத்துவிடலாம் என்றார் தகப்பன். மகன் விடச் சொன்னான். படகோட்டி இருவரையும் பார்த்து, “ஒரு நாள் உழைப்பையல்லோ தம்பி தண்ணியிலை விடப் போறியள்” என்றார். அந்தச் சொல்லை இலேசாக எடுக்கக் கூடாது. சந்தையில் நல்ல விலை போகும் மீனை, அதைப் பிடித்துப் பிழைக்கும் ஒருவரின் கண்முன்னால் விடுவது, அவருடைய உழைப்பின் பெறுமதியை அறியாதவர் செய்யும் காரியமாகவே அவருக்குத் தோன்றும். அதனால்தான் படகோட்டியின் கூலியை ஒரு கொடுவாவின் விலையையும் உள்ளடக்கியே நான் பேசுவது வழக்கம். மீன் விட்டாலும் கொண்டுபோனாலும் படாவிட்டாலும் அந்தத் தொகை மாறாது. அதை நினைவூட்டியதும் அவர் சிரித்து, மீனைத் தானே நீருக்குள் பிடித்துக்கொண்டார்.

விடுவதற்கான காரணத்தை மகனுக்கு நான் விளக்கியது இவ்வாறு. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் அப்படியே இருந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன். பொதுவாக 80 சென்ரிமீற்றரைத் தாண்டி வளரும் காலத்தில் அந்த மாற்றம் நிகழ்கிறது. ஆகவே பெரிய மீன்களை மட்டும் விட்டுவிட்டு நடுத்தரத்தை எடுத்தால் போதும் என்ற எண்ணம் கொடுவாவுக்கு முழுதும் பொருந்தாது. 60 சென்ரிமீற்றரில் எடுக்கப்படும் ஒவ்வொன்றும், முட்டையிடும் பருவத்தை இன்னும் எட்டாத ஒன்று. ஒன்ராறியோவில் பாஸ் கூடுகட்டிக் குஞ்சைக் காக்கும் காலத்தில் பிடிக்கவிடாமல், பல இடங்களில் ஜூன் பிற்பகுதி வரை பருவத்தைத் திறக்காமல் வைத்திருப்பதை அவன் அறிந்திருந்தான். அங்கே முட்டையையும் குஞ்சையும் காப்பது ஆண் பாஸ் என்பதும் அவனுக்குத் தெரியும். இரண்டு மீன்களின் வாழ்க்கையும் வேறாயினும், எந்த நிலையில் உள்ள மீனை எடுத்தால் இனம் தேயும் என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே.

விடுவதிலும் கோடைக்குரிய கவனம் வேண்டும். சூடான நீரில் நெடுநேரம் இழுத்து விளையாடிய மீன், நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பின்னர் சாகக்கூடும். தடித்த நூல் கட்டச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம், மீனை விரைவாகக் கொண்டுவரலாம். மும்முனைத் தூண்டில்களைக் கழற்றி ஒற்றை முள்ளாக மாற்றியிருந்ததால் கழற்றுவதும் நொடியில் முடிந்தது. பாஸைக் கீழுதட்டில் பெருவிரலை வைத்து நிமிர்த்தித் தூக்கிப் படமெடுப்பது அங்கே வழக்கம். இந்த எடையுள்ள கொடுவாவை அப்படித் தொங்கவிட்டால் தாடையும் உள்ளுறுப்பும் நோகும். கிடையாக, வயிற்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், கை செவுள் மூடியின் பக்கம் போகக் கூடாது. படம் எடுக்கும்போது மீனை நீரை விட்டுத் தூக்கியது ஒரே தடவை. பிறகு அதை ஓட்டத்தை நோக்கி முகம் வைத்துப் பிடித்திருக்க, வாலை ஒருமுறை அடித்துவிட்டுத் தானே போனது.

பின்னர் எடுத்த முடிவுகள்

இந்தப் பயணத்துக்குப் பிறகு, முன்பதிவின்போது கேட்கும் கேள்விகளை மாற்றியிருக்கிறேன். எந்த மீனைப் பிடிக்க விருப்பம் என்பதற்கு முன்பாக, எந்த நீரில், எந்தப் பருவத்தில் தூண்டில் போட்டுப் பழகியவர் என்று கேட்கிறேன். அந்த விடையிலிருந்தே எதை விளக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தெரிந்துவிடுகிறது. கண்டல் ஓரத்தில் சோளகம் பலத்தபின் எறிவதை நிறுத்திவிடுகிறோம். வெயிலுக்குப் பழகாதவர் படகில் இருந்தால், வெள்ளம் நல்லதாயினும் பயணத்தை இரண்டு சிறு பகுதிகளாகப் பிரித்து, நடுவில் கரையில் நிழலில் இருத்துகிறோம். வீட்டில் சைவம் நடக்கும் காலத்தில் வருபவரிடம் மீனை என்ன செய்வது என்பதைப் படகேறுமுன்பே பேசி முடித்துவிடுகிறோம்.

தீராமல் நிற்பது மதகைப் பற்றிய கேள்வி. வெள்ளம் ஏறும் அந்த வேளையில் அதே மதகடியில் ஊரவர் சிலர் கைத்தூண்டிலோடு கரையில் நிற்பார்கள், அவர்களுள் சிலருக்கு அன்றைய கறி அதுவே. இப்போது அங்கே வருவது எங்கள் படகு ஒன்றுதான், நாங்கள் அவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறோம். இவ்வகைப் பயணம் பெருகினால் ஒரே ஒடுங்கிய ஓட்டத்துக்குப் பல படகுகள் போட்டியிடும், முதலில் இடம் இழப்பவர் கரையில் நிற்பவராகவே இருப்பார். ஒரு வெள்ளத்துக்கு ஒரு படகு, கரையில் ஆள் கூடி நிற்கும் நாளில் படகே இல்லை என்ற ஒழுங்கை எங்கள் அளவில் கடைப்பிடித்து வருகிறோம். அதை அந்தத் துறையிலிருந்து புறப்படும் எல்லாப் படகுகளுக்கும் பொதுவாக்கும்படி சங்கத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் அதை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.